வழி தெரியாதவனுக்கு ஒரு வேலை

கும்மிடிப்பூண்டி ரயில்வே மேம்பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு சார்ஜர். வேலை போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. வேலை போவது எனக்குப் புதிதில்லை. ரசாயனக் கம்பெனியில் மூட்டை தூக்கி இருமல் பிடித்து ஒரு முறை, அத்திப்பட்டில் சாம்பல் அள்ள வைத்த காண்டிராக்டர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனபோது ஒரு முறை, கடைசியாக இந்த ஊர் இரும்பு ஆலையில் உள்ளங்கை வெந்து ஒரு முறை. ஆனால் இந்த முறை சொன்ன காரணத்தை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். எதிரே சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்.

எனக்கு ஊர் தெரிந்துவிட்டதாம். அதனால் வேலை இல்லையாம்.

அப்படிச் சொன்னவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பெயரைப் போனில் தேடினால் எதுவும் வராது. அந்த வட்டாரத்தில் பஞ்சர் கடை முதல் பல் டாக்டர் வரை எல்லோரையும் தேடினால் கிடைக்கும்படி செய்தவர், தன்னை மட்டும் எங்கேயும் போட்டுக்கொள்ளவில்லை. அதை நான் கெடுப்பானேன். கடைக்காரர்கள் அவரை மேப்பு மேடம் என்பார்கள். நானும் மேடம் என்றே கூப்பிட்டேன்.

என்னைவிடச் சின்னவர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஸ்கூட்டரை விட்டு இறங்கிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிடுவார். ஹெல்மெட்டோடு தையல் கடைக்குள் நுழைவார், ஹெல்மெட்டோடு டீ குடிப்பார். அவருடைய தொழில், சின்னக் கடைகளைப் போனில் ஏற்றுவது. யாராவது தேடினால் கடை பெயர் வர வேண்டும், பெயரைத் தொட்டால் வழி காட்ட வேண்டும், வழியில் போனால் கடை இருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் அவருக்குப் பைத்தியம். இதே தொழில் செய்யும் மற்றவர்கள் முதல் இரண்டோடு காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். இவர் வழியில் நடந்து பார்க்காமல் விடமாட்டார்.

ஒரு கடைக்குப் போனதும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். கடைக்காரர் பயந்துபோய் என்னைப் பார்ப்பார். நான் கையால் பொறுங்கள் என்று காட்டுவேன். பல் டாக்டர் ஒருவரிடம் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நான் இப்போ லாரி டிரைவரு சார். நெல்லூர்லேர்ந்து வந்துக்கினு கீறேன். பல்லு வலி உயிர் போவுது. போன்ல இன்னா கேப்பேன்?"

"டென்டல் கிளினிக் நியர் மீ" என்றார் டாக்டர்.

"வாயவே தொறக்க முடியாதவன் இவ்ளோ இங்கிலீஷ் பேசுவானா சார்? 'பல்லு வலி'. அவ்ளோதான் கேப்பான். தெலுங்குல கேப்பான், இந்தில கேப்பான். போன்ல உங்க பக்கத்துல இந்த வார்த்தை எங்கனா கீதா? நீங்க 'ஸ்மைல் டிசைன்'னு எழுதி வெச்சிக்கீறீங்க. வலிக்கறவன் சிரிக்கவா வருவான்?"

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றே 'பல்லு வலி' போனில் ஏறியது, மூன்று மொழியில்.

எழுதினால் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே சட்டம். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் பெருமைக்காக இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்று போடச் சொன்னார். போட்டார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போய் ஷட்டரைத் தட்டினார். அந்த ஆள் லுங்கியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னா மேடம், வண்டி பஞ்சரா?"

"இல்ல. தொறந்துகீதான்னு பாக்க வந்தேன்."

"அஞ்சு மணிக்கா?"

"நீதானே எப்பவும் தொறந்திருக்கும்னு சொன்ன? ஒண்ணு முழிச்சிக்கினு இரு. இல்ல, நேரத்த மாத்திடறேன்."

அவர் நேரத்தை மாற்றவில்லை. ஷட்டருக்கு வெளியே ஒரு மணி கட்டினார். மணியில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை உள்ளே தூங்குகிற அவருடைய கால் கட்டைவிரலில். மேடம் மணியைப் படம் எடுத்து, 'ஷட்டர் மூடியிருந்தால் மணிக்கயிற்றை இழுக்கவும்' என்று எழுதிவிட்டு, சும்மா இருக்காமல் ஒருமுறை பலமாக இழுத்தும் பார்த்தார். உள்ளே "ஐயோ" என்றது. "வேலை செய்யுது" என்றார்.

திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளி வழி வந்த பெரியவர் ஒருவர், கல்யாணத்துக்குப் பட்சணம் செய்து கொடுப்பவர், ராகு காலத்தில் ஆர்டர் எடுக்கமாட்டார். "அதையும் போட்டுடுங்கோ, யாராவது அந்த நேரத்துல வந்து நின்னா நேக்கு சங்கடம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வந்திருப்பார்கள். மேடம் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஏழு ராகு காலத்தைப் பார்த்து, அந்தந்த ஒன்றரை மணி நேரம் கடை மூடியிருக்கும் என்று ஏற்றினார். இன்றைக்கும் போனில் பார்த்தால் அந்தக் கடை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் மூடித் திறக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கிறார்களாம்.

அவரோடு நான் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

உள்ளங்கை வெந்து ஆலையை விட்டு வந்த அன்று மதியம், நல்ல பசி. ஊருக்குப் புதுசு, ஒரு வழியும் தெரியாது. போனைக் கேட்டேன். ஒரு மெஸ்ஸைக் காட்டியது. அது சொன்னபடி நடந்தேன். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. மண் ரோடு முடிந்து ஒரு மதகு வந்தது. அப்புறம் வரப்பு. 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று போன் சொன்னபோது சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு நெல். நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. கையில் மண்வெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மெஸ்ஸா? இங்க இல்ல. வந்த வழியே போயி, தண்டவாளத்த ஒட்டி லெஃப்ட்டு, எடைமேடைக்குப் பின்னால தகர வேலி சந்து. போ."

மனப்பாடமாக ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டு ஒருமுறை இருமினார். கொட்டகை நிழலில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நைனா, இங்க வா. போன்ல இன்னா கேட்ட? ஒரு எழுத்து மாத்தாம சொல்லு."

வெட்கமாக இருந்தது. சொன்னேன். "பசிக்குது சோறு எங்க கீது."

கை தட்டினார். "பாத்தீங்களா அண்ணே! உணவகம்னு எவனும் கேக்கறதில்ல!"

மண்வெட்டிக்காரருக்கு அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. அந்த மெஸ் அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி நடத்துவது. லாரிகளை எடை போடும் எடைமேடைக்குப் பின்னால் இருப்பதால் ஊரே எடைமேடை அக்கா என்று கூப்பிடும். அப்பா செத்தபோது தங்கச்சி நிலத்தில் பங்கு கேட்டார் என்று அண்ணனுக்குக் கோபம். அதிலிருந்து பேச்சு இல்லை. யாரோ போனில் மெஸ்ஸை ஏற்றும்போது இடத்தைத் தப்பாகக் குறித்துவிட்டார்கள். அந்தக் குறி சரியாக அண்ணனுடைய வயலில் விழுந்துவிட்டது. மேடம் அதைச் சரிசெய்யத்தான் வந்திருந்தார்.

"நான் அவகூட பேசி ஆறு வருசம் ஆவுது" என்றார் அண்ணன். "ஆனா அவ கடைக்கு நாந்தான் தெனம் வழி சொல்லிக்கினு கீறேன். பேஜாரா போச்சிம்மா. எவன் இத போட்டான்? ஆளு யாருன்னு மட்டும் சொல்லு, மண்வெட்டியாலயே போடறேன்."

மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்தார். குறி விழுந்திருந்தது வயலில்கூட இல்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில். கல்லில் அண்ணனுடைய மனைவி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் கை சோப்பு நுரைக்குள் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன். எனக்கே புரிந்துவிட்டது. நாத்தனாருக்கு உதவ வேண்டும், ஆனால் மெஸ் பக்கம் போனால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அதனால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தே மெஸ்ஸைப் போனில் ஏற்றியிருக்கிறார். இப்போது இருக்கும் இடமா என்று போன் கேட்டிருக்கும். ஆமாம் என்று அழுத்தியிருக்கிறார்.

எழுதினால் இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சட்டம் பேசுகிற மேடம், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"சேட்டிலைட்டு அண்ணே. மேலேர்ந்து பாக்குது இல்ல, சில நேரம் கொஞ்சம் சாஞ்சி உழுந்துடும்."

அண்ணன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். "நாசமா போவ" என்று அதையே திட்டினார். அண்ணியின் கை மறுபடி நுரைக்குள் அசைந்தது. மேடம் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்புறம் என்னைக் கேட்டார். "உனக்கு இந்த ஊரு தெரியுமா?"

"தெரியாது."

"கொஞ்சமாவது?"

"ஒண்ணுமே தெரியாது மேடம்."

"சூப்பரு. நாளைலேர்ந்து எங்கிட்ட வேலைக்கு வா."

அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். எந்தச் சந்தும் தெரியும். அதனால் அவரால் தொலைந்துபோக முடியாது. கடைக்கு வருகிற புது ஆள் எங்கே தடுமாறுவான் என்று பார்க்க ஒரு அசல் புது ஆள் தேவை. இதுதான் என் வேலை. காலையில் ஒரு கடை பெயர் சொல்வார். போனை மட்டும் நம்பி நான் போக வேண்டும், யாரையும் கேட்கக்கூடாது. தையல் கடை தேடிப்போய் ஒரு உரக் குடோனுக்குள் நுழைந்து வாட்ச்மேனிடம் மாட்டினேன். ஜெராக்ஸ் கடை என்று ஒரு வீட்டுக் குளியலறை வாசலில் போய் நின்றேன். நான் எங்கேயாவது தொலைந்தால் மேடத்துக்குத் தாங்காத சந்தோஷம். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நான் நிற்கிற இடத்தைப் படம் எடுத்து, "பிரமாதமா தொலைஞ்சிருக்க!" என்பார். முப்பத்தாறு வயதுவரை எந்த வேலையிலும் எனக்குப் பாராட்டு கிடைத்ததில்லை. இதில்தான் கிடைத்தது.

எடைமேடை அக்கா கதைக்கு வருகிறேன். அவருடைய கடையின் முன்பக்கத்தைப் புதிதாக இன்னொரு பாலம் கட்டுகிறவர்கள் தகர வேலி போட்டு மறைத்துவிட்டார்கள். ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு மெஸ் இல்லவே இல்லை. போனைக் கேட்டவன் வயலுக்குப் போனான். காலையில் வடித்த சோறு மூணு மணிக்கும் அப்படியே இருந்தது. "இந்த மாசம் பாப்பேன் பொண்ணே" என்றார் அக்கா. "இல்லாட்டி ஆந்திரா பக்கம் கம்பெனி கேண்டீன்ல பாத்திரம் கழுவப் போறேன். ஆள்கிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

குறியை மாற்ற வேண்டும் என்றால் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது போன். ரோடு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், உள்ளே இருப்பது தெரிய வேண்டும். மெஸ்ஸுக்கு ஏது போர்டு? எப்படி நின்று எடுத்தாலும் எடைமேடையின் பெரிய போர்டுதான் விழுந்தது. அக்காவோ கேமராவைப் பார்த்ததும் ஆதார் அட்டைக்குப் போஸ் கொடுப்பதுபோல் கரண்டியோடு விறைத்து நின்றார். இது சோறு போடும் இடமா லாரி எடை போடும் இடமா என்று அந்தப் பக்கம் குழம்பியிருக்கும். மூன்று முறை அனுப்பினோம். மூன்று முறையும் ஏற்கவில்லை.

மூன்றாவது முறை அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உடு. நான் கெளம்பறேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பசியோட வரேன். லாரிய ஓரங்கட்டறேன். எறங்கறேன். மதகு தாண்டறேன். வரப்பு மேல நடக்கறேன். காத்து ஜில்லுனு அடிக்குது. மோட்டார் தண்ணி கொட்டுது. கை கழுவறேன்..." கண்ணைத் திறந்தார். "யக்கா, எல்லாரும் அங்கதானே போறான்? அப்ப சோறு இங்க இன்னா பண்ணுது?"

"இன்னா சொல்ற?"

"லொகேஷன மாத்த வேணாம். அடுப்ப மாத்து."

அக்கா பதறினார். "அய்யய்யோ, எங்கண்ணன் வெட்டிப் போட்ருவான்!"

மேடம் நேரே வயலுக்குப் போனார். நானும் கூட ஓடினேன். "அண்ணே, நாளைலேர்ந்து நீங்க யாருக்கும் வழி சொல்ல வேணாம்" என்று ஆரம்பித்தார். விஷயம் புரிந்ததும் அண்ணன் மண்வெட்டியைத் தரையில் குத்தினார். அதற்குள் வரப்பில் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். "மெஸ்ஸு..." என்று இழுத்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தார். தொண்டை கட்டியிருந்தது. சத்தம் வரவில்லை.

துவைக்கிற கல்லிலிருந்து அண்ணி சொன்னார். "இதுக்கு மேல வழி சொன்னா உனக்குத் தொண்டையே போயிடும். ஒத்துக்கயேன்."

மறுநாள் குட்டியானை வண்டியில் அடுப்பும் அண்டாவும் அக்காவும் வந்து இறங்கினார்கள். மோட்டார் கொட்டகை வரைக்கும்தான் என்று பேச்சு. முதல் நாளே நாலு லாரி ஆட்கள். அதில் வந்த ஒடிசாக்காரர்கள் மோட்டார் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படம் எடுத்துப் போனில் போட்டார்கள். படத்தைப் பார்த்து இன்னும் பல பேர் வந்தார்கள். அண்ணனும் தங்கச்சியும் மட்டும் என்னை நடுவில் வைத்துத்தான் பேசினார்கள். இருவருக்கும் இடையே இரண்டு கஜம்தான்.

"அந்தம்மாகிட்ட சொல்லுபா, வரப்புல கஞ்சிய ஊத்தக் கூடாதுன்னு."

"அந்தப் பெரிய மனுசன்கிட்ட சொல்லுங்க, கஞ்சி நெல்லுக்கு நல்லதுன்னு."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்தது. மூன்றாம் நாள் அண்ணன் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், நேராகவே சொன்னார். "உப்பு பத்தல."

அக்கா கரண்டியோடு நின்றார். "உனக்கு எப்பவும் ஒரு கல்லு தூக்கலா வேணும்" என்று சொல்லிவிட்டு, உப்பு ஜாடியைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் ஹெல்மெட்டுக்குள் அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, லாரிகளைத் தவிர. மதகோடு நிறுத்தாமல் டிரைவர்கள் வரப்பு வரைக்கும் ஓட்டி வந்தார்கள். ஒரு லாரி பின்னால் எடுத்தபோது வரப்பு உடைந்து ஒரு பாத்தித் தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டது. அண்ணன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு லாரி மதகத் தாண்டிச்சின்னா அடுப்ப எடுத்துடணும்" என்றார். அக்கா முகம் பழைய மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும்.

இது முந்தாநாள். நேற்று மத்தியானம் மேடம் எனக்கு ஒரு பேட்டரி கடையின் பெயரைச் சொல்லி அனுப்பினார். போனேன். அவர் எனக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன் எங்க?"

"பாக்கெட்ல மேடம்."

"அப்ப எப்டி வந்த?"

"பால் பண்ணை பின்னால ஒரு குறுக்கு வழி கீது இல்ல? அதுல..." பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "போச்சி. உனக்கு ஊரு தெரிஞ்சிபோச்சி நைனா. இனிமே நீ எனக்கு ஆவ மாட்ட."

டீ வாங்கிக் கொடுத்தார். சேர வேண்டியதைக் கையில் கொடுத்தார். இதற்கு முன் எங்கேயும் ஒரு வழியைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு நான் தங்கியதில்லை. அது தெரிந்ததுபோல, "உன்ன எங்கனா மேப்ல போடட்டா?" என்றார்.

"நான் ஒரு எடத்துல இருந்தாதானே மேடம்."

"அதுவும் சரிதான்" என்று போனில் எதையோ தட்டினார். தட்டியபடியே ஸ்கூட்டரைக் கிளப்பினார். கடம்பத்தூர் பக்கம் புதுசாகக் கடைகள் ஏற்ற வேண்டுமாம், வழி தெரியாத ஆள் ஒருவன் தேட வேண்டுமாம். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பாலத்தை விட்டு இறங்கி, ராத்திரி ஸ்டேஷனில் படுத்தேன். காலை ரயிலில் சூலூர்ப்பேட்டை போய் அங்கிருந்து எங்கேயாவது போவதாகத் திட்டம். விடிந்ததும் பசித்தது. கடைசியாக அக்கா கையால் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வயலுக்கு நடந்தேன். போனை எடுக்கவில்லை. மதகின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து செருப்புக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பதினாறு சக்கர லாரி மண் ரோட்டில் ஆடி ஆடி வந்து, எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"நைனா, செவப்புத் துணி அண்ணன் நீதானா?"

"எந்தச் செவப்புத் துணி?"

போனைக் காட்டினார். மெஸ்ஸின் பக்கத்தில் கீழே புதிதாக ஒரு வரி. 'மதகில் சிவப்புத் துணியோடு ஒரு அண்ணன் நிற்பார். லாரியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வரவும்.' நேற்று மத்தியானம் போட்டது. ஸ்கூட்டரைக் கிளப்பியபடி மேடம் தட்டியது.

தூரத்தில் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டார். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. துணி இல்லையென்றால் மதகைத் தாண்டிப் போய்விடுவார்போல.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஓடினேன். துவைக்கிற கல்லிலிருந்து அண்ணி எதுவும் கேட்காமல் ஒரு சிவப்புத் துண்டைப் பிழிந்து எறிந்தார். ஈரத்தோடு பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, மதகின் நடுவில் நின்று, கையைத் தூக்கி அதை விரித்துப் பிடித்தேன்.

லாரி நின்றது.